மருத்துவப் பணியாளர்கள் போதைப் பழக்கத்திலிருந்து மீளும் வழி

குடிநோயோ மருந்துப் பழக்கமோ உள்ள ஒரு மருத்துவர் சிகிச்சைக்கு வந்து சேர்வதற்குள், பெரும்பாலும் ஒரு மருத்துவரிடம் நெடுநாள் வைத்தியம் பார்த்திருப்பார். அந்த மருத்துவர் அவரேதான். தூக்கம் வராததற்கு அல்பிரசோலம், காலைப் படபடப்புக்குப் புரோப்ரனலால், வயிற்றெரிச்சலுக்குப் பான்டோபிரசோல் என்று தனக்குத் தானே எழுதி, அளவைத் தானே கூட்டியும் குறைத்தும், "இந்த மாத நைட் டியூட்டி முடிந்ததும் விட்டுவிடுவேன்" என்று தவணையும் தானே சொல்லிக்கொண்டிருப்பார். செவிலியர்களும் மருந்தாளுநர்களும் அறுவை அரங்க நுட்பநர்களும் இதற்கு விலக்கல்ல. மற்றவர்களுக்கு இல்லாத இரண்டு வசதிகள் இத்துறையினருக்கு உண்டு: மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, நோயைப் பற்றிய அறிவும் இருக்கிறது. நடைமுறையில் இந்த இரண்டுமே நோயை மறைக்கவும் நீட்டிக்கவும்தான் உதவுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் யோசனைகள் அனைத்தும் ஒன்றையே சார்ந்திருக்கின்றன: தனக்குத் தானே மருத்துவராக இருப்பதை முதலில் நிறுத்த வேண்டும், மதுவையோ மருந்தையோ நிறுத்துவது அதற்கு அடுத்த படி.

அறிவு காப்பாற்றாது என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே சான்று உண்டு. நவீன அறுவை சிகிச்சைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான வில்லியம் ஹால்ஸ்டெட், 1880களின் நடுவில் கொக்கெயினின் மரத்துப்போகச் செய்யும் தன்மையை ஆராய்ந்தபோது தன் உடலிலேயே ஊசி போட்டுப் பார்த்து அதற்கு அடிமையானார். சிகிச்சையின்போது மார்ஃபின் பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் புகழின் உச்சியில் இருந்த காலத்திலும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

உங்களை நீங்களே அளந்து பார்த்தல்

மதுவைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்னும் பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் போதுமானது. மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி தீங்கு தரும் நிலைக்கு வந்துவிட்டது என்றும், 20 அல்லது அதற்கு மேல் வந்தால் அடிமைநிலை இருக்கக்கூடும், முறையான மதிப்பீடு தேவை என்றும் கொள்ள வேண்டும். நோயாளிகளுக்கு இதே படிவத்தைப் பலமுறை நிரப்பிக் கொடுத்தவர்கள், தமக்கென்று வரும்போது எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் தெரிந்துகொண்டே பதில் சொல்வார்கள். அதனால் இதைத் தனியாக நிரப்பாமல், கணவரையோ மனைவியையோ உடன்பிறந்தவரையோ அருகில் வைத்துக்கொண்டு நிரப்புவது நல்லது. இருவர் சொல்லும் எண்ணிக்கையும் மாறுபட்டால் பெரிய எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்துகளுக்கு மதிப்பெண் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. நோயாளிக்கென எழுதப்பட்ட மருந்தில் ஒரு பகுதியையேனும் நீங்கள் பயன்படுத்தியிருந்தால், மீந்த ஆம்பூலை (ஊசி மருந்துக் குப்பியை)ச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால், வேறொருவர் பெயரில் சீட்டு எழுதி மருந்து வாங்கியிருந்தால், உதவி தேடும் கட்டம் வந்தாயிற்று. நம் மருத்துவமனைகளில் மருத்துவப் பணியாளர்களிடம் காணப்படும் பழக்கங்களில் பென்டசோசின் என்னும் வலி ஊசி முக்கியமானது. வார்டில் ஃபோர்ட்வின் என்றே சொல்வார்கள். அத்துடன் அவில் ஊசியைச் சேர்த்துப் போட்டுக்கொள்வதும் உண்டு. தொடர்ந்து ஊசி போட்ட இடத்தில் தோல் மரக்கட்டை போல இறுகிப் புண்ணாவது இதன் அடையாளம். ட்ரமடால், டாபென்டடால் மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரையான சோல்பிடெம் ஆகியவை வெளியே எளிதில் தெரியாதவை. "சும்மா வலி மாத்திரைதானே" என்று எண்ணப்பட்ட ட்ரமடால், 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. அளவு கூடினால் வலிப்பும் வரும். மயக்கவியல் துறையினரிடம் காணப்படும் ஃபென்டனில், புரோபோஃபோல், கீட்டமின் பழக்கங்கள் வேறு வகையானவை. அவற்றில் முதல் அறிகுறியே மரணமாக இருந்துவிடக்கூடும் என்பதால், காத்திருந்து பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தனியாக நிறுத்த வேண்டாம்

மருத்துவப் பணியாளர்கள் செய்யும் மிக ஆபத்தான காரியம், வார விடுமுறையில் வீட்டு அறையைப் பூட்டிக்கொண்டு தாமே நிறுத்திப் பார்ப்பது. தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளுக்குள்ளேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும்; ஏறக்குறைய 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம்; இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே, இல்லாததைக் காணும், திக்குத் தெரியாமல் பேசும் டெலிரியம் நிலை வரலாம். இதில் உயிரிழப்பு உண்டு. அல்பிரசோலம், குளோனசெபாம், சோல்பிடெம் ஆகியவற்றைப் பல மாதங்கள் எடுத்தவர்களுக்கும் திடீர் நிறுத்தம் வலிப்பைக் கொண்டுவரும். அவற்றை வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மருந்துகளை நிறுத்தும்போது வரும் உடல் துன்பமான விலகல் பொதுவாக உயிரை எடுப்பதில்லை. ஆனால் விலகலைத் தாண்டிச் சில நாள் இருந்தவர், உடலின் தாங்கும் திறன் குறைந்துவிட்டதை மறந்து பழைய அளவையே மீண்டும் ஏற்றிக்கொள்ளும்போதுதான் இறக்கிறார்.

நீங்கள் தயமின், டயசெபாம் அளவுகளையெல்லாம் மனப்பாடமாக அறிந்தவராகவே இருக்கலாம். அதை வைத்து உங்களுக்கு நீங்களே விலகல் சிகிச்சை அளித்துக்கொள்ளாதீர்கள். குழம்பிய மூளைதான் தன் குழப்பத்தை அளக்க வேண்டியிருக்கும். அதோடு, விலகலுக்கென்று வாங்கிய டயசெபாமே அடுத்த பழக்கமாவதும் அரிதல்ல. நண்பரான வேறு துறை மருத்துவரை வீட்டுக்கு அழைத்து டிரிப் போட்டுக்கொள்வதும் இதன் மறுவடிவமே. நண்பருக்குச் சங்கடம், உங்களுக்குப் பாதிச் சிகிச்சை.

யாரிடம் போவது

முதல் விதி: உங்களோடு வேலை பார்க்காத, உங்களுக்குக் கீழோ மேலோ இல்லாத, குடும்ப நட்பு இல்லாத ஒரு மனநல மருத்துவர். அதே ஊரில் இருந்தால் அறிமுகமானவர்கள் கண்ணில் படுவோம் என்ற அச்சம் இயல்பானது. அந்த அச்சத்தைக் கடக்கும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதைவிட, ஊர் மாறிப் போவதே மேல். மதுரையில் பணிபுரிபவர் சென்னைக்குப் போகலாம். சென்னையில் இருப்பவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்துக்கோ, பெங்களூரு நிம்ஹான்ஸின் போதை மருத்துவ மையத்துக்கோ போகலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனை, மக்கள் வாயில் டி.டி.கே. மருத்துவமனை, குடிநோய்க்கென்றே நீண்ட அனுபவம் உடையது. 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல நிலையமும் அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறைகளும் கட்டணமின்றிச் சிகிச்சை தருகின்றன. 2025இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களும் தொடங்கப்பட்டுள்ளன.

தனியார் மறுவாழ்வு மையத்தைத் தேர்ந்தெடுப்பதானால் இரண்டு கேள்விகளைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா? விலகல் காலத்தில் மனநல மருத்துவரும் இரவுப்பணிச் செவிலியரும் இருப்பார்களா? இரண்டுக்கும் தெளிவான பதில் வராத இடத்துக்குப் போக வேண்டாம். நோயாளியை வண்டி அனுப்பிப் பிடித்து வருவோம், மாதக்கணக்கில் அடைத்து வைப்போம் என்று பெருமையாகச் சொல்லும் இடங்களின் கதவைத் தட்டவே கூடாது.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் தொலைபேசியில் தொடங்கலாம். டெலி மனஸ் எனப்படும் 14416, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் தமிழிலேயே பேசுவார்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மாநில சுகாதார உதவி எண் 104. மருத்துவக் கல்லூரி மாணவராகவோ பயிற்சி மருத்துவராகவோ இருந்தால், 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'மனம்' என்னும் மனநல நல்லாதரவு மன்றம் உங்கள் கல்லூரியில் இருக்கக்கூடும். கல்லூரிக்கு உள்ளேயே இருக்கும் அமைப்பு என்பதால், அங்கே சொல்வது யார் யாருக்குப் போகும் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்கள் உரிமை.

மனநல மருத்துவர் முன் உட்கார்ந்ததும் பலர் தம்மை ஒரு கேஸ் போல விவரிக்கத் தொடங்குவார்கள்: "மிதமான அளவு, உறுப்புப் பாதிப்பு இல்லை, தன் நோயைப் பற்றிய உணர்வு நன்றாக உள்ளது." அதை விட்டுவிட்டு என்ன, எவ்வளவு, எந்த வழியாக, கடைசியாக எப்போது, எங்கிருந்து கிடைத்தது என்பதைச் சொல்லுங்கள். எங்கிருந்து கிடைத்தது என்பதை மறைத்தால் சிகிச்சைத் திட்டமே தவறிப்போகும். மருந்து அலமாரியின் சாவி உங்கள் கையில் இருக்கும்போது மாத்திரை மட்டும் எழுதிக்கொடுத்துப் பயனில்லை.

சட்டமும் வேலையும்

"வெளியே தெரிந்தால் பதிவு போய்விடும், வேலை போய்விடும், போலீஸ் வரும்" என்ற மூன்று அச்சங்கள்தான் பெரும்பாலானோரைத் தாமதிக்க வைக்கின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் ரகசியக் காப்பு உங்களுக்கும் உண்டு. பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பது, உயிராபத்து, நீதிமன்ற ஆணை போன்ற குறிப்பிட்ட சூழல்களில் மட்டும் அது தளரும். போதையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருப்பவரின் ரகசியம் முழுமையாகக் காக்கப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. பணியிலிருந்து விலகி நின்று சிகிச்சை பெறுபவரின் நிலை வேறு. தாமாக வந்து சேரும் நோயாளிக்கு 86ஆம் பிரிவின்படி சுயேச்சை நோயாளியாக அனுமதி பெறவும், விரும்பும்போது வெளியேறக் கேட்கவும் உரிமை உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்பதை 115ஆம் பிரிவு சொல்கிறது.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64அ என்றொரு பிரிவு இருப்பதை மருத்துவர்கள் பலரே அறிவதில்லை. போதைப்பொருளை உட்கொண்ட குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானவர், தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த நிலையத்தில் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர் மீது வழக்குத் தொடர முடியாது. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். ஆனால் மருத்துவமனை இருப்பிலிருந்து மருந்தை எடுத்தது, பதிவேட்டில் பொய் எழுதியது ஆகியவை வேறு குற்றங்கள்; அவற்றை இந்தப் பிரிவு மூடாது. அப்படியொன்று நடந்திருந்தால் நிர்வாகத்திடம் வாக்குமூலம் எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். சிகிச்சையில் சேர்வதை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

விடுப்பு விஷயத்தில் ஒரு நடைமுறை யோசனை: மெமோ வருவதற்கு முன் மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பு எடுங்கள். பிடிபட்டபின் சிகிச்சைக்குப் போகிறவரையும் சிகிச்சையில் இருக்கும்போது விசாரணைக்கு அழைக்கப்படுகிறவரையும் எந்த நிர்வாகமும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. காப்பீட்டைப் பொறுத்தவரை, மனநோய்க்கு உடல்நோய்க்கு இணையான காப்பீடு வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் சொன்னாலும், மது மற்றும் போதைப் பழக்கச் சிகிச்சையைப் பல பாலிசிகள் விலக்குப் பட்டியலில் வைத்திருக்கின்றன. சேர்வதற்கு முன் உங்கள் பாலிசியின் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

சிகிச்சையின் உள்ளே

மதுவுக்கான விலகல் சிகிச்சை முடியப் பெரும்பாலும் ஒரு வாரம் போதும்; அதைச் சிகிச்சை முடிந்ததாக எண்ணிக்கொள்வதுதான் தவறு. மது தரும் மனச்சோர்வு, குடியை நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்குத் தானாகவே குறைந்துவிடும். அதன் பிறகும் நீடிப்பது தனி நோய். அதற்குத் தனிச் சிகிச்சை தேவை. தற்கொலை எண்ணம் மட்டும் இந்தக் காத்திருப்புக்கு உட்பட்டதல்ல. அது தலைகாட்டிய அன்றே சொல்லப்பட வேண்டும். மருந்தின் மரண அளவை அறிந்தவர், மருந்தும் கையில் உள்ளவர் என்பதால் மருத்துவப் பணியாளரின் அந்த எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையிலான தொலைவு குறைவு. சென்னையில் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா அமைப்பு இதற்கென்றே செயல்படுகிறது.

ஓபியாய்டு பழக்கத்துக்கு, ஏக்கத்தை அடக்கும் மாற்று மருந்தான புப்ரெனார்ஃபின் தொடர்ச் சிகிச்சையும் நால்ட்ரெக்ஸோனும் இருக்கின்றன. பொது நோயாளிகளிடம் இறப்பைக் குறைப்பதில் புப்ரெனார்ஃபினுக்கு நல்ல சான்று இருக்கிறது. ஆனால் ஊசியும் ஆம்பூலும் புழங்கும் அரங்குக்கே திரும்பப் போகிறவருக்கு, ஓபியாய்டின் விளைவையே தடுத்துவிடும் நால்ட்ரெக்ஸோனை வேறொருவர் முன்னிலையில் விழுங்கச் செய்யும் முறை பல காலமாகக் கையாளப்படுகிறது. ஓபியாய்டு இல்லாமல் ஏழு முதல் பத்து நாள் கடந்த பிறகுதான் அதைத் தொடங்க வேண்டும். முந்தினால் கடும் விலகல் வரும். குடிநோய்க்கு, குடித்தால் உடலை வாட்டும் டைசல்ஃபிரம் மருந்தை எடுப்பவர்கள், வார்டில் நாள் முழுதும் கையில் தேய்க்கும் ஆல்கஹால் கரைசல் பற்றிச் சிகிச்சை அளிப்பவரிடம் சொல்ல வேண்டும்; சிலருக்கு அதனாலேயே எதிர்விளைவு வரலாம்.

மருந்துக்கு வெளியே, குழுச் சந்திப்புகள் உண்டு. குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் ஸ்மித், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் அறுவை சிகிச்சை மருத்துவராக இருந்தவர். 1935 ஜூனில் அவர் கடைசியாகக் குடித்தது, அன்று செய்ய வேண்டியிருந்த அறுவை சிகிச்சைக்காகக் கை நடுக்கத்தை அடக்கக் கொடுக்கப்பட்ட ஒரு பீர். மருத்துவர்களுக்கென்று தனிப் பன்னாட்டுக் குழு 1949 முதல் இருக்கிறது. நம் ஊர் ஏ.ஏ. கூட்டங்களில் ஆட்டோ ஓட்டுநருக்கும் வங்கி அதிகாரிக்கும் நடுவே உட்காருவது சில மருத்துவர்களுக்குக் கசக்கும். "டாக்டர் சார்" என்று யாரும் எழுந்து நிற்காத அந்த இடம்தான் அவர்களுக்குத் தேவை என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே வந்தவர்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்க ஆரம்பித்துவிடக் கூடாது. குடும்பத்தினருக்கு அல்-அனான் கூட்டங்கள் உண்டு. கணவனும் மனைவியுமாக நர்சிங் ஹோம் நடத்தும் வீடுகளில் இது அவசியம். அவர் வர முடியாத நாள்களில் புறநோயாளிகளை இவர் பார்த்து, "ஐயா வெளியூர் போயிருக்கிறார்" என்று வரவேற்பறையில் சொல்ல வைத்து, பல ஆண்டுகள் நோயைத் தாங்கிப் பிடித்தவர் அந்தத் துணையாகவே இருப்பார்.

பணிக்குத் திரும்புதல்

அமெரிக்க மாநிலங்களில் மருத்துவர்களுக்கென்று தனி நலத்திட்டங்கள் உண்டு. நோயுற்ற மருத்துவரைத் தண்டிப்பதைவிடச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1973இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு அவை பரவின. 16 மாநிலத் திட்டங்களில் சேர்ந்த 904 மருத்துவர்களைத் தொடர்ந்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது; ஐந்தாண்டு முடிவில், தகவல் கிடைத்தவர்களில் ஏறக்குறைய 79 விழுக்காட்டினர் உரிமத்தோடு பணியில் இருந்தனர். பொதுவான போதைச் சிகிச்சைகளில் காணக் கிடைக்காத விளைவு இது. அங்கே தரப்படும் மருந்தோ ஆலோசனையோ நமக்கு எட்டாதவை அல்ல. வேறுபாடு கண்காணிப்பில் இருக்கிறது: முன்னறிவிப்பில்லாத சிறுநீர்ப் பரிசோதனை, எழுத்து வடிவ ஒப்பந்தம், தவறினால் என்ன நடக்கும் என்பது முன்பே தெரிந்திருப்பது, இவை அனைத்தும் ஐந்தாண்டு அளவுக்கு நீள்வது. இங்கிலாந்திலும் 2008 முதல் மருத்துவர்களுக்கான ரகசியச் சிகிச்சைச் சேவை ஒன்று நடக்கிறது. இந்தியாவில் மருத்துவர் உரிமத்தோடு இணைந்த அப்படியொரு திட்டம் இல்லை. ஆகவே அதன் சாரத்தை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு பக்க அளவில் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். கையெழுத்திடுவோர் நீங்கள், உங்கள் மனநல மருத்துவர், பணியிடத்தில் நீங்கள் நம்பும் ஒரு மூத்தவர், வீட்டில் ஒருவர். போதை மருந்து அலமாரியின் சாவி முதல் ஓராண்டுக்கு உங்களிடம் வராது என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும். மீந்த மருந்தைக் கொட்டும்போது இன்னொருவர் சாட்சியாக நிற்பார். தனக்கும் குடும்பத்துக்கும் எந்த மருந்தும் எழுத மாட்டேன். சளிக்குக்கூட வெளி மருத்துவரிடமே போவேன். முதல் ஆறு மாதம் தனி இரவுப்பணி இல்லை. பரிசோதனைக்கு அழைத்தால் அன்றே வருவேன் என்பவை அடுத்தடுத்து வரட்டும். உயிருக்குப் பயந்து எழுதும் ஒப்பந்தம்போல் தோன்றினாலும், சந்தேகத்தோடு பார்க்கும் சக பணியாளர்களின் முன் உங்களைக் காப்பாற்றப்போவதும் இதுதான்: ஆம்பூல் ஒன்று குறைந்தால் அன்று சாவி யாரிடம் இருந்தது என்பது பதிவேட்டில் இருக்கும்.

பரிசோதனையில் சில நுணுக்கங்கள் உண்டு. வழக்கமான ஓபியேட் சிறுநீர்ப் பட்டை ஃபென்டனிலையோ ட்ரமடாலையோ காட்டாது. எந்த மருந்தைத் தேட வேண்டும் என்று ஆய்வகத்துக்குப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். குடியைக் கண்டறியும் எத்தில் குளுக்குரோனைடு சோதனை, சில நாள்களுக்கு முன் குடித்ததைக்கூடக் காட்டும் அளவுக்கு நுட்பமானது. அதனாலேயே கைக்கழுவு கரைசலை நாள் முழுதும் பயன்படுத்தும் செவிலியருக்குக் குறைந்த அளவில் தவறாக நேர்மறை காட்டவும் கூடும். அத்தகைய முடிவு வந்தால் இரத்தத்தில் குடியின் சுவடான பாஸ்பாட்டிடைல் எத்தனால் அளவைப் பார்த்து உறுதி செய்த பிறகே பேச வேண்டும்.

மயக்கவியல் முதுநிலை மாணவர் ஃபென்டனில் ஊசிக்கு அடிமையானால் அதே துறைக்குத் திரும்பலாமா என்பதில் உலகெங்கும் கருத்து வேறுபாடு உண்டு. என் கருத்தில் துறை மாறுவதே நல்லது. நம் ஊரில் அது எளிதல்ல: இடத்தை விட்டால் கட்ட வேண்டிய அபராதத் தொகை, மீண்டும் நீட் முதுநிலைத் தேர்வு, வீட்டாரின் ஏமாற்றம் எல்லாம் உண்டு. இருந்தும், மீண்டும் பழக்கம் தலைதூக்கும்போது முதல் அறிகுறி அறுவை அரங்கக் கழிப்பறையில் கிடக்கும் உடலாக இருக்கக்கூடிய ஒரு துறையில், அபராதத் தொகையை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

பணி நேரமும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். உறைவிட மருத்துவர்களுக்கு ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசின் 1992ஆம் ஆண்டுத் திட்டம் சொன்னது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வாரம் 74 மணி நேரம் என்ற மேல்வரம்பைப் பரிந்துரைத்தது. இரண்டுமே பல கல்லூரிகளில் தாளில்தான் இருக்கின்றன. ஓய்வு மட்டும் போதை நோயைக் குணப்படுத்திவிடாது. ஆனால் 36 மணி நேரப் பணிக்கே திருப்பி அனுப்பிவிட்டு, குடிக்காதே என்று அறிவுரை கூறும் துறைத்தலைவர் தன் பங்கைச் செய்தவராக மாட்டார்.

சக பணியாளர் செய்ய வேண்டியது

கூடுதல் ஷிப்டுக்குத் தானாக முன்வருவது, எல்லா நோயாளிக்கும் தானே ஊசி போடுகிறேன் என்பது, பதிவேட்டில் முழு அளவு தந்ததாக இருந்தும் நோயாளி வலியில் துடிப்பது, உடைந்த ஆம்பூல் கணக்கு ஒருவர் பணியில் மட்டும் கூடுவது, வெயில் காலத்திலும் முழுக்கை சட்டை, அடிக்கடி நீளும் கழிப்பறை இடைவெளி. இவற்றில் ஒன்றை வைத்து யாரையும் குற்றம் சாட்ட முடியாது. சேர்ந்து வந்தால் தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள், வார்டில் கிசுகிசுக்காதீர்கள்.

பேசும்போது தனியாக ஒருவர் போகாமல், அவர் மதிக்கும் ஒருவரும் மனநலத் துறையைச் சேர்ந்த ஒருவருமாகச் செல்லுங்கள். அன்றே அனுமதிக்கப் படுக்கை தயாராக இருக்க வேண்டும். கார் வெளியே நிற்க வேண்டும். பிடிபட்டு, அவமானப்பட்டு, "நாளை டீன் அறைக்கு வா" என்று சொல்லித் தனியாக விடுதிக்கு அனுப்பப்பட்ட அந்த இரவுதான் தற்கொலை ஆபத்து மிகக் கூடிய நேரம். அன்று இரவு அவரைத் தனியே விடாதீர்கள், அறையிலும் கைப்பையிலும் உள்ள மருந்துகளை அகற்றுங்கள், வீட்டாரை வரவழையுங்கள். மூத்த மருத்துவர் என்றால் மூடி மறைப்பதும் ஒப்பந்தச் செவிலியர் என்றால் அன்றே வேலையை விட்டு நீக்குவதும் நம் மருத்துவமனைகளில் வழக்கமாக இருக்கிறது. இருவருக்கும் உள்ளது ஒரே நோய். சிகிச்சைக்கான வாய்ப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

மீண்டும் வழுக்கினால்

பலருக்கு ஒருமுறையேனும் வழுக்கல் நேரும். அன்று டியூட்டிக்குப் போகாதீர்கள்; போயிருந்தால் உடல்நலமில்லை என்று சொல்லி நோயாளியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வாருங்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடமும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மூத்தவரிடமும் சொல்லுங்கள். நாளை வரும் பரிசோதனையில் அவர்கள் தெரிந்துகொள்வதற்கும் இன்று நீங்கள் சொல்வதற்கும் இடையே வேலை இருக்கிறது, சில நேரம் உயிரும் இருக்கிறது. ஓபியாய்டு பழக்கம் இருந்தவர் வீட்டில், அளவு மீறினால் அதை முறிக்கும் நலாக்ஸோன் ஊசி இருக்க வேண்டும், அதைப் போடத் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். அது எந்த அலமாரியில் இருக்கிறது, மூச்சு குறைந்தால் முதலில் 108க்கு அழைக்க வேண்டும், ஊசி போட்ட பின்பும் மருத்துவமனைக்குக் கொண்டு போயே ஆக வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதி, ஒரு பிரதியை வீட்டாரிடம் இன்றே கொடுத்துவிடுங்கள்.